கோப்பையில் நின்ற தண்ணீர் எங்கே போனது?

நேயர்களுக்கு வணக்கம்.

இரவு படுக்கப் போகும்போது கழிப்பறைக் கோப்பையில் தண்ணீர் வழக்கமான அளவில் நிற்கிறது. காலையில் பார்த்தால் பாதிதான் இருக்கிறது. தரையில் ஈரமில்லை, இரவில் யாரும் அந்தப் பக்கம் போகவும் இல்லை. இப்படி ஒரு புகார் வந்தால் பல வீடுகளில் முதலில் நடப்பது ஃப்ளஷ் டேங்கின் மூடியைத் திறப்பதுதான். உள்ளே இருக்கும் வாஷரை மாற்றுகிறார்கள், மிதவையைச் சரிசெய்கிறார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே கதை.

கோப்பையில் குறைகிற தண்ணீரை டேங்கில் தேடிப் பயனில்லை. டேங்க் ஒழுகினால் அந்தத் தண்ணீர் கோப்பைக்குள்தான் வந்து விழும். அதனால் மட்டம் கூடுமே தவிரக் குறையாது. கூடியதும் பின்பக்கம் வழிந்து போய்விடும். சொல்லப்போனால், டேங்க் ஒழுகுகிற வீட்டில் கோப்பையின் ஒழுக்கு வெளியே தெரியவே தெரியாது. சொட்டுச் சொட்டாக வந்து யாரும் கேட்காமலே நிரப்பிக்கொண்டிருக்கும். பிளம்பர் வந்து டேங்கைச் சரியாக்கிய மறுநாள் கோப்பை வற்ற ஆரம்பிக்கும். நன்றாக இருந்ததைக் கெடுத்துவிட்டுப் போய்விட்டார் என்று பழி அவர் தலையில் விழும். பாவம், அவர் ஒரு கோளாறைச் சரிசெய்ததால்தான் அதுவரை மறைந்திருந்த இன்னொன்று தெரிந்தது.

சரி, கோப்பையில் தண்ணீர் எப்படி நிற்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். கோப்பையின் அடியில் தொடங்கும் வழி நேராகக் கீழே போவதில்லை. கொஞ்சம் இறங்கி, மேலே ஏறி, ஒரு மேட்டைத் தாண்டி, அதன் பிறகுதான் கழிவுக்குழாய்க்குள் இறங்குகிறது. இந்த வளைவைத்தான் ட்ராப் என்கிறோம். அந்த மேடு எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்துக்குத்தான் கோப்பையில் தண்ணீர் நிற்கும். அதற்கு மேல் ஊற்றினால் வழிந்துவிடும். 1775-ல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரம் செய்பவர் இப்படி வளைந்த குழாயுடன் கூடிய கழிப்பறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைக்கும் நாம் அந்த யோசனையைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

அந்த வளைவில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாயு வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. வேறு கதவு கிடையாது. பூட்டு மாதிரி காற்றை அடைத்து நிற்கிற இந்தத் தண்ணீரின் ஆழம் பொதுவாக 50 மில்லிமீட்டர், ஏறக்குறைய மூன்று விரல் அகலம். காற்று மண்டலத்தின் அழுத்தம் சுமார் 10 மீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கும். இந்த 50 மில்லிமீட்டர் அதில் இருநூறில் ஒரு பங்கு. அதாவது, கழிவுக்குழாய்க்குள் காற்றழுத்தம் இருநூறில் ஒரு பங்கு குறைந்தாலே போதும், பூட்டு உடைந்துவிடும். கழிவுக்குழாய்க்குக் காற்று கொடுக்கும் வென்ட் பைப் ஏன் அவ்வளவு முக்கியம் என்பது பின்னால் வரும்போது இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கோளாறைத் தேடுவோம். எதையும் கழற்றுவதற்கு முன்னால் கவனிக்க வேண்டும். தண்ணீர் எப்போது குறைகிறது, எவ்வளவு வேகமாகக் குறைகிறது, எந்த இடத்தில் வந்து நிற்கிறது. இந்த மூன்றும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

டேங்குக்கு வரும் தண்ணீர் வால்வை மூடிவிட்டு ஒரு முறை ஃப்ளஷ் செய்யுங்கள். டேங்க் காலியாகிவிடும், அங்கிருந்து ஒழுகி வந்து நம்மை ஏமாற்ற முடியாது. பிறகு ஒரு கப்பால் கோப்பைக்குள் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். வாளியால் மடமடவென்று ஊற்றாதீர்கள், அதுவே ஒரு ஃப்ளஷ் ஆகிவிடும். எவ்வளவு ஊற்றினாலும் மட்டம் இதற்கு மேல் ஏறவில்லை என்ற இடம் வரும். அங்கே பீங்கானைத் துடைத்துவிட்டு, கண்ணாடியில் எழுதுகிற மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் பின்னால் போய்விடும். அதன் பிறகு அந்தக் கழிப்பறையை ராத்திரி முழுக்க யாரும் பயன்படுத்தக் கூடாது. வீட்டில் வேறு குழாய்களையும் திறக்காமல் இருந்தால் நல்லது. சலவை இயந்திரம் கண்டிப்பாகக் கூடாது.

ஒரு விஷயத்தை இங்கேயே ஒதுக்கிவிடலாம். ஃப்ளஷ் செய்த உடனேயே மட்டம் குறைவாக இருக்கிறது, அதன் பிறகு அசையவில்லை என்றால் அது தண்ணீர் இழப்பதே இல்லை. கோப்பை முதலிலேயே நிரம்பவில்லை. சில வகைக் கோப்பைகள் தண்ணீரை உறிஞ்சி இழுத்து வெளியேற்றுகிறவை. அவற்றில் ஃப்ளஷ் முடிந்ததும், டேங்குக்குள் இருக்கும் ஒரு மெல்லிய ரப்பர் குழாய் ஓவர்ஃப்ளோ பைப்புக்குள் தண்ணீர் விட்டுக் கோப்பையை மறுபடி நிரப்பும். அந்தச் சின்னக் குழாய் நழுவி டேங்குக்குள்ளேயே விழுந்து கிடந்தால் கோப்பை அரைகுறையாகத்தான் நிற்கும். டேங்கைத் திறப்பதில் அர்த்தம் இருப்பது இந்த ஒரு இடத்தில்தான். குழாய் சரியாக இருந்தும் அப்படியே நடந்தால் வளைவுக்கு அப்பால் அரை அடைப்பு இருக்கலாம். தண்ணீர் குழாய் முழுக்க நிறைந்து போகும்போது பின்னால் இருப்பதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

இப்போது ராத்திரிக் கதைக்கு வருவோம். யாரும் எதையும் தொடாமலே கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கியிருக்கிறது. சந்தேகப்பட வேண்டியவை இரண்டு.

முதலாவது, நூல். ஆமாம், வெறும் நூல். தரை துடைக்கும் மாப்பிலிருந்து பிரிந்த இழை, தலைமுடிக் கற்றை, ஈரத்துடைப்பானின் ஒரு நார் இவற்றில் ஏதாவது அந்த மேட்டின் மேல் மாட்டிக்கொண்டு, ஒரு முனை கோப்பைப் பக்கத் தண்ணீரிலும் மறுமுனை அந்தப் பக்கச் சரிவிலும் தொங்கினால் போதும். விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுக்கிறதே, அதே வேலையை இந்த நூல் செய்யும். ஒவ்வொரு துளியாக மேட்டின் மேல் ஏற்றி அந்தப் பக்கம் சொட்டவிடும். சத்தம் வராது, ஈரம் தெரியாது. ஒரு ராத்திரிக்குள் மட்டம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு இறங்கிவிடும். இதன் வேடிக்கை, ஒரு நாள் குறையும், மறுநாள் குறையாது. ஃப்ளஷ் செய்யும் ஒவ்வொரு முறையும் நூல் இடம் மாறிப் படுப்பதால் இப்படி. ‘சில நாள் மட்டும் குறைகிறது’ என்று யாராவது சொன்னால் என் மனம் முதலில் நூலுக்குத்தான் போகும்.

இதற்கு வைத்தியம் எளிது. முனையில் கொக்கி உள்ள வளையும் கம்பியை வளைவுக்குள் விட்டு, சுழற்றி, மெதுவாக இழுக்க வேண்டும். பீங்கானைக் கீறாமல் இருக்க ரப்பர் உறை போட்ட கம்பி கிடைக்கிறது. சாதாரண இரும்புக் கம்பியை விட்டுக் குடைந்தால் உள்ளே கறுப்புக் கோடுகள் விழும், அதன் பிறகு அழுக்கு அங்கேயே ஒட்டும். கம்பியில் சுற்றி வருவதைப் பார்த்தால், சாம்பல் நிறத்தில் வழவழப்பான ஒரு கற்றை, விரல் நீளம்கூட இருக்காது. இதுவா இவ்வளவு நாள் பாடாய்ப் படுத்தியது என்று தோன்றும். பிளஞ்சரால், அதாவது அடைப்பை அழுத்தித் தள்ளும் ரப்பர் கிண்ணக் கோலால், அடித்தாலும் சில நேரம் போய்விடும், ஆனால் நூல் பிடிவாதக்காரன், கம்பிதான் நம்பிக்கையானது. அமிலத்தை ஊற்றிப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். செயற்கை இழை பலவற்றை அது ஒன்றும் செய்யாது, உங்கள் மூச்சையும் கண்ணையும்தான் பதம் பார்க்கும்.

கம்பி விட்டுச் சுத்தம் செய்தாயிற்று, மறுபடி கோடு போட்டாயிற்று, மறுபடியும் குறைகிறது. அதுவும் ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. அப்படியானால் இரண்டாவது சந்தேகத்துக்குப் போகலாம்: விரிசல். தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறதோ அந்த உயரத்தில்தான் விரிசலின் கீழ் முனை இருக்கும். விரிசல் வெளிச்சுவரில் இருந்தால் தரை நனையும், கீழ்த்தளத்துக் கூரையில் கறை தெரியும். ஆனால் பல நேரம் அது வளைவின் உட்சுவரில் இருக்கும். தண்ணீர் கோப்பையிலிருந்து விரிசல் வழியாக நேரே கழிவுக்குழாய்க்குள் போய்விடும். வெளியே ஒரு துளி ஈரம் இருக்காது.

பீங்கான் ஏன் விரிகிறது? சூளையில் சுடும்போதே நேர்ந்த குறையாக இருக்கலாம். தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளை வெறியோடு முறுக்கியிருக்கலாம். சமமில்லாத தரையில் உட்கார வைத்திருக்கலாம். அடைப்பு எடுக்கிறேன் என்று யாரோ கொதிக்கிற தண்ணீரை ஊற்றியிருக்கலாம், குளிர்ந்த பீங்கானுக்கு அது ஆகவே ஆகாது. சந்தேகம் தீர வேண்டுமானால் கோப்பையைக் கழற்றி, இரண்டு கட்டைகளின் மேல் சமமாக வைத்து, கீழே செய்தித்தாள் விரித்து, தண்ணீர் நிரப்பிச் சில மணி நேரம் விடுங்கள். வெளியேறும் வாய்க்கு அடியில் தாள் நனைந்தால் விரிசல் உறுதி. ஒட்டிச் சமாளிக்க முடியுமா என்றால், என் பதில் முடியாது என்பதுதான். ஒட்டினாலும் அது நிற்காது. அதைவிட, விரிந்த பீங்கான் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது உடைந்தால் அதன் முனை கத்தியைப் போல வெட்டும். கோப்பையை மாற்றிவிடுங்கள். டேங்க் தனியாக இருந்து நன்றாக இருந்தால் அதை மாற்ற வேண்டியதில்லை.

அடுத்து, ராத்திரி முழுக்கக் கோடு அசையவில்லை, ஆனால் பகலில் குறைகிறது என்கிற வீடு. இங்கே குற்றவாளி கழிப்பறையிலேயே இல்லை. மேல்மாடியில் யாராவது ஃப்ளஷ் செய்கிறார்கள், அல்லது சலவை இயந்திரம் ஒரே மூச்சில் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. அந்தத் தண்ணீர் பொதுக்குழாயை நிறைத்துக்கொண்டு இறங்கும்போது தனக்குப் பின்னால் காற்றை இழுக்கும். காற்றைக் கொடுப்பதற்காகத்தான் கூரைக்கு மேல் வரை ஒரு வென்ட் பைப் போகிறது. அது அடைபட்டிருந்தால், காற்று கிடைக்கிற அடுத்த வழி உங்கள் கோப்பை. இருநூறில் ஒரு பங்கு அழுத்தம் என்று சொன்னேனே, அது இங்கே வெகு சுலபமாக உண்டாகிவிடும். களக் களக் என்று ஒரு சத்தம் வரும், மட்டம் சட்டென்று இறங்கும்.

இதை உறுதி செய்ய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். இன்னொருவர் மாடியில் ஃப்ளஷ் செய்யட்டும், வாஷ்பேசினை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிடட்டும். தண்ணீர் லேசாக ஆடிவிட்டுப் பழைய இடத்துக்கே வந்தால் கவலையில்லை. பலத்த காற்றடிக்கும் நாளில்கூட அப்படி ஆடும். இறங்கிவிட்டுத் திரும்பி வரவில்லை என்றால் வென்ட் பைப்பைப் பாருங்கள். பறவைக் கூடு, சருகு, குளவிக் கூடு, கடும் குளிர்ப் பகுதிகளில் வாயில் உறையும் பனி என்று எதுவும் இருக்கலாம். நாற்றம் வருகிறது என்று யாரோ மூடி போட்டு இறுக்கியிருப்பதும் உண்டு. கூரை வேலை செய்யும்போது குழாயை வெட்டி அதன் மேல் பூசிவிட்டுப் போனவர்களும் உண்டு. மேலிருந்து ஹோஸ் பைப்பால் தண்ணீர் விட்டால் பெரும்பாலான அடைப்புகள் போய்விடும். பிறகு வலை போட்ட தொப்பி ஒன்றை மாட்டினால் பறவை மறுபடி வராது. ஈரமான கூரையில் மட்டும் ஏற வேண்டாம், அதற்குப் பழகிய ஆளைக் கூப்பிடுங்கள்.

தண்ணீர் குறைவதற்குப் பதில் கீழேயிருந்து குமிழி கிளம்பினால் அது இழுப்பு இல்லை, தள்ளல். செப்டிக் டேங்க் நிறைந்திருக்கலாம், அல்லது முதன்மைக் குழாயில் கீழே அடைப்பு இருக்கலாம். அது வேறு வேலை.

கடைசியாக, பூட்டிக் கிடக்கும் வீடு. இதில் கோளாறே இல்லை, தண்ணீர் தானாக ஆவியாகிறது. வெப்பமும் காற்றோட்டமும் இருந்தால் சில வாரங்களில் வளைவு வற்றிவிடும். கோப்பையைவிடக் குளியலறைத் தரையில் இருக்கும் ட்ராப் சீக்கிரம் வற்றும், யாரும் அதைக் கவனிப்பதும் இல்லை. 2003-ல் ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டவர்களுக்கு சார்ஸ் நோய் வந்தது. விசாரித்தவர்கள் சுட்டிக்காட்டிய காரணங்களில் ஒன்று, வற்றிப்போன தரை ட்ராப்புகள். குளியலறை மின்விசிறி காற்றை வெளியே இழுத்தபோது, கழிவுக்குழாயின் காற்று அந்த வற்றிய துளை வழியாக வீட்டுக்குள் வந்திருக்கிறது.

அதனால் வீட்டைப் பூட்டிக்கொண்டு நீண்ட நாள் வெளியே போகிறவர்கள் கோப்பையின் மூடியை மூடிவிட்டுப் போங்கள். ஒவ்வொரு தரை ட்ராப்பிலும் தண்ணீர் ஊற்றி, அதன் மேல் இரண்டு மூன்று கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் மேலே மிதந்து ஆவியாவதைத் தடுக்கும். திரும்பி வந்ததும் முதலில் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, எல்லாக் குழாய்களையும் ஒரு முறை ஓடவிடுங்கள். அதற்குப் பிறகும் நாற்றம் போகவில்லை என்றால் மார்க்கர் பேனாவை எடுத்து ஒரு கோடு போட்டுவிட்டுப் பிளம்பருக்குப் போன் செய்யுங்கள். நாளைக்கு அவர் வரும்போது, எப்போது குறைந்தது, எங்கே நின்றது என்று சொல்ல உங்களிடம் பதில் இருக்கும்.

நன்றி, வணக்கம்.