1948-ல ஒரு குட்டி காலேஜ் என்னதான் சாதிச்சது? | பிளாக் மவுண்டன் வ்லாக்

வணக்கமுங்க. இன்னிக்கு நான் நிக்கறது நார்த் கரோலினாவுல ஆஷ்வில் ஊரு. இந்தத் தெருவோட பேரே காலேஜ் ஸ்ட்ரீட். எனக்குப் பின்னாடி இருக்கறது பிளாக் மவுண்டன் காலேஜ் மியூசியம். காலேஜ் இல்லீங்க, மியூசியம். அந்தக் காலேஜை 1957-லயே இழுத்து மூடியாச்சு. உள்ள நாலு பேரு நிம்மதியாப் பாத்துட்டு இருக்காங்க, நடுவுல நான் பேசினா நல்லா இருக்காதுன்னு வெளிய வந்துட்டேன். லாரி சத்தம் கேட்டா கொஞ்சம் பொறுத்துக்கங்க.

எதுக்கு இந்தப் பேச்சுன்னா, எங்க வீட்ல பொண்ணு லெவன்த் படிக்கறா. இந்த ஊர்ல லெவன்த் வந்துட்டா போதும், தபால்பெட்டி நிறைய காலேஜ் புத்தகமாத்தான் வரும். பெரிய யுனிவர்சிட்டி மட்டும் இல்ல, குட்டிக் குட்டி லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ்ங்க. தெரியாதவங்களுக்குச் சொல்றேன்: இளங்கலை மட்டும்தான், மொத்தமே ஆயிரம் ரெண்டாயிரம் பசங்க, ஒரே பையன் கெமிஸ்ட்ரியும் எடுப்பான், தத்துவமும் எடுப்பான், ஓவியமும் எடுப்பான். வாத்தியாருக்கு ஒவ்வொருத்தன் பேரும் தெரியும். அதுங்க அனுப்பற புத்தகத்துல கட்டாயம் ஒரு பக்கம் இருக்கும், "இந்த ஆண்டின் சாதனைகள்"னு. புதுக் கட்டடம், புது ஃபெலோஷிப், இத்தனையாவது ரேங்க். நம்ம காலேஜ் ஆண்டு விழால பிரின்சிபால் ஆண்டறிக்கை வாசிப்பாரே, டான்ஸ் எப்ப வரும்னு நாம கீழ நெளிஞ்சுட்டு இருப்போமே, அதேதான். பேப்பர் மட்டும் வழவழன்னு இருக்கு.

படிச்சுப் படிச்சு சலிச்சுப் போயித்தான் இங்க வந்தேன். பிளாக் மவுண்டன் காலேஜுக்கு 1948-க்கு ஒரு ஆண்டறிக்கை எழுதச் சொன்னா என்னத்தை எழுதியிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாத்தேன். சிரிப்புதான் வந்துச்சு.

முதல்ல காலேஜ் எப்படிப்பட்டதுன்னு சொல்லிடறேன். 1933-ல ஆரம்பிச்சது. ஃபுளோரிடாவுல ராலின்ஸ் காலேஜ்னு ஒண்ணு, அங்கிருந்து நீக்கப்பட்ட ஜான் ஆண்ட்ரூ ரைஸ்ங்கற பேராசிரியரும் கூட வெளிய வந்த சில பேரும் சேந்து தொடங்கினாங்க. மேல உக்காந்து ஆட்டி வைக்கற ட்ரஸ்டி போர்டே கிடையாது. காலேஜுக்குச் சொந்தக்காரங்களே வாத்தியாருங்கதான். கட்டாயப் பாடம் இல்ல. பசங்க கையில மார்க் சீட்டு குடுக்கறதும் இல்ல. அரசாங்கமோ வேற எந்த அமைப்போ குடுக்கற அங்கீகாரமும் கடைசி வரைக்கும் வரல. சொந்தப் பண்ணை இருந்துச்சு, வாத்தியாரு, பசங்க எல்லாரும் அதுல வேலை செய்யணும். 1941-ல லேக் ஈடன்னு ஒரு ஏரிக்கரைக்கு மாறினப்ப, பெரிய படிப்புக் கட்டடத்தை இவங்களே கட்டினாங்க. ஒரு சமயத்துல நூறு பேரு படிச்சிருந்தா அதிசயம்.

அதே 1933-லதான் ஜெர்மனில நாஜிங்க நெருக்கடியில பவ்ஹவ்ஸ் கலைப்பள்ளி மூடுது. அங்க வாத்தியாரா இருந்த யோசெஃப் ஆல்பர்ஸும் அவரு மனைவி அன்னி ஆல்பர்ஸும் கப்பலேறி இங்க வந்துட்டாங்க. அன்னி யூதக் குடும்பம், அங்கயே இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. யோசெஃபுக்கு இங்கிலீஷ் சரியா வராது. காட்டுக்குள்ள, பேரு தெரியாத காலேஜ்ல, அவரு ஓவியம், அந்தம்மா நெசவு.

இன்னொண்ணு. இது தெற்கு மாநிலம். வெள்ளைக்காரப் பசங்களும் கறுப்பினப் பசங்களும் ஒரே பள்ளிக்கூடத்துல உக்காரக்கூடாதுன்னு சட்டமே இருந்த காலம். உச்ச நீதிமன்றம் அதைத் தப்புன்னு சொன்னது 1954-ல. இவங்க 1944 கோடையிலயே ஒரு கறுப்பின மாணவியைச் சேத்துட்டாங்க. அது சும்மா ஒண்ணும் நடக்கல. உள்ளுக்குள்ளயே பெரிய வாக்குவாதம் நடந்துச்சு, அக்கம்பக்கத்துக்காரன் என்ன பண்ணுவானோன்னு பயமும் இருந்துச்சு. இருந்தாலும் சேத்தாங்க.

சரி, 1948.

ஏப்ரல்ல ரெண்டு பேரு காரை ஓட்டிட்டு வர்றாங்க. ஒருத்தரு இசை அமைக்கறவரு ஜான் கேஜ், இன்னொருத்தரு நடனக்காரரு மெர்ஸ் கன்னிங்ஹாம். பியானோ கம்பிக்கு நடுவுல ஸ்க்ரூ, ரப்பர் எல்லாம் சொருகி வாசிப்பாரு கேஜ். அந்த வாசிப்பை இங்க போட்டுக் காட்டினாரு. காலேஜ்ல குடுக்கறதுக்குப் பணம் இல்ல. கிளம்பறப்ப காரை எடுத்தா, கார் நின்ன இடத்துல, அடியில, பசங்க வரைஞ்ச படமும் சாப்பாட்டுச் சாமானும் வச்சிருக்காங்க. அதுதான் சம்பளம். ஆனா கோடை வகுப்புக்கு அவங்க திரும்ப வந்தாங்க பாருங்க, அங்கதான் விஷயம்.

அந்தக் கோடைக்கு ஆல்பர்ஸ் கூப்பிட்ட ஆளுங்கள்ல சில பேரு கடைசி நேரத்துல வரல. அதனால மாத்து ஆளு. ஓவியத்துக்கு வில்லெம் டி கூனிங். அப்ப அவருக்கு 44 வயசு, கையில காலணா இல்ல, தனிக் கண்காட்சியே அந்த வருஷம்தான் முதல் தடவையா வச்சிருந்தாரு. கட்டடக் கலைக்கு பக்மின்ஸ்டர் ஃபுல்லர். 53 வயசு. ஹார்வர்டுல ரெண்டு தடவை வெளிய அனுப்பின ஆளு. ஃபேக்டரில வீடு செஞ்சு விக்கறேன்னு கிளம்பி அதுவும் படுத்துருச்சு. அவரு ஒரு டிரெய்லர் நிறைய மாடலை ஏத்திக்கிட்டு, வகுப்பு ஆரம்பிச்சு ரெண்டு வாரம் கழிச்சு வந்து இறங்கறாரு.

வந்து என்ன பண்றாருன்னா, ஒரு டோம் கட்டலாம்னு சொல்றாரு. கோள வடிவத்தை முக்கோணம் முக்கோணமாப் பின்னினா எடை ஒரே இடத்துல இறங்காம எல்லாப் பக்கமும் பரவிடும். உள்ள தூணே வேண்டாம். கொஞ்சூண்டு பொருள்ல பெரிய இடத்தை மூடிடலாம். இதுதான் அவரு யோசனை. அகலம் 48 அடி. பொருள் என்ன தெரியுமா? ஆபீஸ் ஜன்னல்ல தொங்குமே வெனிஷியன் பிளைண்ட், அந்த அலுமினியப் பட்டை. அவ்வளவு மெல்லிசு. வாரக்கணக்குல அளந்து, வெட்டி, ஓட்டை போட்டு, வண்ணக் குறி வச்சாங்க. பசங்களோட டி கூனிங் மனைவி எலைனும் உக்காந்து வேலை செஞ்சாங்க.

மழைத்தூறல்ல பொருத்த ஆரம்பிக்கறாங்க. கடைசி போல்ட்டும் போட்டாச்சு. எல்லாரும் பாக்கறாங்க. எழுந்திரிக்கவே இல்லீங்க. தண்ணி பட்ட அப்பளமாட்டம் தரையிலயே கிடக்குது. எலைன் உடனே பேரு வச்சுட்டாங்க, "படுத்துக்கிட்ட டோம்"னு. ஃபுல்லர் அசரல. எந்த இடத்துல நிக்காம போகும்னு தெரிஞ்சாத்தான் எந்த இடத்துல நிக்கும்னு தெரியும்னு அவரு வாதம். அப்பப் பாத்தவங்கள்ல பாதிப் பேரு இதைச் சமாளிப்புன்னுதான் நினைச்சிருப்பாங்கன்னு எனக்குத் தோணுது.

இப்ப இசைக்கு வருவோம். கேஜ் என்ன பண்ணாரு, எரிக் சாட்டீங்கற பிரெஞ்சு இசையமைப்பாளரை எடுத்துக்கிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்சம் வாசிக்கறது, பத்து நிமிஷம் பேசறதுன்னு கோடை முழுக்க ஓட்டினாரு. அதுல ஒரு நாளு பீத்தோவன் போன பாதையே தப்பு, சாட்டீதான் சரின்னு ஒரு போடு போட்டாரு. கேக்கறவங்க யாரு? ஜெர்மனில இருந்து உயிரைக் கையில பிடிச்சுட்டு ஓடி வந்த வாத்தியாருங்க. ஊரு, வீடு, மொழி எல்லாம் விட்டுட்டு வந்தவங்க கையில மிச்சம் இருந்ததே அந்த பீத்தோவன்தான். கொதிச்சுட்டாங்க. கேஜ் பேசினதுல நியாயம் இருக்கலாம், ஆனா இடம் பொருள் ஏவல்னு ஒண்ணு இருக்குல்ல? இதுல என் ஓட்டு ஜெர்மன் வாத்தியாருங்களுக்குத்தான்.

அந்த சாட்டீ கச்சேரி வரிசை முடிஞ்சது ஒரு நாடகத்துல. சாட்டீ எழுதின ஒரு சின்னக் கோமாளி நாடகம், ஆகஸ்ட்ல போட்டாங்க. அதுல பாரனா, அதாவது ஒரு பிரபுவா, நடிச்சது யாரு? டோம் கட்டின ஃபுல்லர்! அவரு பொண்ணா எலைன். நடுவுல ஆடற பொம்மைக் குரங்கா மெர்ஸ் கன்னிங்ஹாம். பியானோ கேஜ். ஒத்திகையில ஃபுல்லருக்குக் கூச்சம்னா கூச்சம், நாலு பேரு முன்னாடி அசிங்கமாயிடுமோன்னு. ஆர்தர் பென்னுன்னு ஒரு பையன், ராணுவத்துல இருந்துட்டு வந்து இங்க படிச்சுட்டு இருந்தவன், அவன்தான் இயக்கம். அவன் பெரியவரைக் குதிங்க, தரையில உருளுங்க, காரணமே இல்லாம சிரிங்கன்னு சொல்லிச் சொல்லி அந்தக் கூச்சத்தைக் கழட்டிட்டான். பின்னாடி ஃபுல்லர் உலகம் பூரா மணிக்கணக்கா மேடையில பேசினாரே, அதுக்கு இந்த ஒத்திகைதான் உதவுச்சுன்னு அவரே சொல்லியிருக்காரு. அந்தப் பையன் பிற்பாடு ஹாலிவுட்ல பெரிய டைரக்டர்.

ஆனா இத்தனை பேர்ல எனக்கு மனசுல நிக்கறது ரூத் அசாவாங்கற மாணவிதான். கலிஃபோர்னியாவுல காய்கறி விவசாயம் பண்ணின ஜப்பானியக் குடும்பம். ஜப்பானோட போர் வந்ததும், 1942-ல, அப்பாவைப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க. மிச்ச குடும்பத்தைக் குதிரைப் பந்தய மைதானத்து லாயத்துல அடைச்சாங்க, அப்புறம் ஆர்கன்சாவுல முகாம். வெளிய வந்து டீச்சர் ட்ரெய்னிங் படிச்சா, ஜப்பான்காரிக்குப் பயிற்சிக்குப் பள்ளிக்கூடம் கிடைக்காதுன்னு சொல்லிட்டாங்க. அப்படித்தான் 1946-ல இங்க வர்றாங்க. விடியக்காலையில எழுந்து பண்ணையில வெண்ணெய் எடுப்பாங்க. துணி வெளுக்கற இடத்துல வேலை, அங்க உருப்படில குத்தற "பிஎம்சி" ரப்பர் ஸ்டாம்பையே எடுத்து வரிசை வரிசையாக் குத்திக் கோலம் போட்டிருக்காங்க. மெக்சிகோவுல டோலூக்காங்கற ஊருல கம்பில கூடை பின்னறதைப் பாத்துக் கத்துக்கிட்டு வந்து, அதே பின்னலை இங்க சிற்பமா ஆக்கினாங்க. கூட படிச்ச ஆல்பர்ட் லானியர்னு ஒரு வெள்ளைக்காரப் பையனோட காதல். அப்ப பல மாநிலத்துல இந்த மாதிரி கல்யாணமே செல்லாது. 1948 அக்டோபர்லதான் கலிஃபோர்னியா நீதிமன்றம் அந்தத் தடையை உடைச்சது. அடுத்த வருஷம் சான் ஃபிரான்சிஸ்கோவுல கல்யாணம். மோதிரத்தை வடிவமைச்சுக் குடுத்தது ஃபுல்லர். 2020-ல இந்தம்மா சிற்பங்களை அமெரிக்கத் தபால்தலையா போட்டாங்க.

இப்ப 1948 டிசம்பர்ல உக்காந்து அறிக்கை எழுதுங்க பாப்போம். கட்டின கட்டடம் எழுந்திரிக்கல. நாடகம் ஒண்ணு. இசையால வீட்டுக்குள்ள சண்டை. கஜானா காலி. நிர்வாகத்துலயும் தகராறு. அந்த இலையுதிர் காலத்துல ஆல்பர்ஸே தலைமைப் பொறுப்பு எடுக்கறாரு, சில மாசத்துல ராஜினாமா. 1949-ல புருஷனும் பொண்டாட்டியும் காலேஜை விட்டே போயிட்டாங்க. எந்தக் காலேஜாவது இதை வழவழ பேப்பர்ல அச்சடிச்சு எங்க வீட்டுக்கு அனுப்புமா?

டோம் அடுத்த கோடையிலயே நின்னுச்சுங்க. 1949-ல ஃபுல்லர் திரும்ப வந்தாரு, இந்தத் தடவை 14 அடி, குழாய்ச் சட்டம். அவரும் பசங்களும் அதுல தொங்கற ஃபோட்டோவே இருக்கு. 1954-ல பேட்டன்ட். 1967-ல மான்ட்ரியல் கண்காட்சில அமெரிக்க அரங்கமே அந்த வடிவம்தான். 1985-ல அறுபது கார்பன் அணு சேந்த ஒரு மூலக்கூறைக் கண்டுபிடிச்சாங்க, அதுக்கு ஃபுல்லர் பேரையே வச்சாங்க. அவரு 1983-லயே போயிட்டாரு.

ஆனா இதுல கசப்பும் ஒண்ணு இருக்கு, அதைச் சொல்லாம விட மாட்டேன். கென்னத் ஸ்னெல்சன்னு ஒரு மாணவன், ஓவியம் படிக்க வந்தவன். ஃபுல்லர் மாடலை எல்லாம் எடுத்து வைக்க உதவுன்னு ஆல்பர்ஸ் அனுப்பறாரு. இவன் வீட்டுக்குப் போயி, அந்தக் குளிர்காலத்துல, குச்சிக்குக் குச்சி தொடாம, இழுத்துக் கட்டின கயித்துலயே அந்தரத்துல நிக்கற ஒரு சிற்பம் செய்யறான். அடுத்த கோடையில குருகிட்ட காட்டறான். குரு என்ன பண்ணாரு? அதுக்கு "டென்செக்ரிட்டி"ன்னு ஒரு பேரு வச்சு ஊரெல்லாம் தன் கணக்குல சொல்லிட்டு வந்தாரு. பல வருஷம் கழிச்சு 1959-ல நியூயார்க் மாடர்ன் ஆர்ட் மியூசியம் கண்காட்சிலதான் ஸ்னெல்சன் பேரும் வந்துச்சு. ஃபுல்லர் பெரிய ஆளுதான், மறுக்கல. இது மட்டும் எனக்குச் சரியாப் படல. வாஷிங்டன் போறவங்க ஹிர்ஷோர்ன் மியூசியம் வாசல்ல 60 அடி உயரத்துக்கு ஊசி ஊசியா ஒரு கோபுரம் நிக்கும், பாருங்க. அது ஸ்னெல்சன் 1968-ல செஞ்சது. அடியில போயி நின்னு நேரா மேல பாக்கணும், அதான் அதுக்கு அழகு.

என் பொண்ணு இதெல்லாம் கேட்டுட்டு, "அம்மா, அந்தக் காலேஜ்ல எனக்கு ஹாஸ்டல் கிடைக்குமா?"ன்னு கேக்கறா. பண்ணையில விடியக்காலையில வெண்ணெய் எடுக்கணும்டின்னேன். பேச்சை மாத்திட்டா.

வர்றவங்களுக்கு ஒரு தகவல். மியூசியம் இங்க ஆஷ்வில் டவுன்டவுன்லதான். லேக் ஈடன் இங்கிருந்து கிழக்கே, பிளாக் மவுண்டன் ஊரு பக்கம். அங்க இப்ப பசங்களுக்கான கோடை முகாம் நடக்குது, தனியார் இடம். கேட்டுக்குள்ள காரை விட்டுறாதீங்க. 2024 செப்டம்பர்ல வந்த ஹெலீன் புயல் வெள்ளத்துல இந்தப் பள்ளத்தாக்கே ரொம்ப அடி வாங்குச்சு, அதனால கிளம்பறதுக்கு முன்னாடி ரோடு நிலவரம், திறந்திருக்கற நேரம் எல்லாம் பாத்துக்கங்க. நான் இப்ப சாப்பிடப் போறேன், பசிக்குது. வரட்டுங்களா.