மீன்தொட்டிக்கு லிட்டர் கணக்கா, அடிக்கணக்கா?

வணக்கம். இன்று ஒரு நேயர் அனுப்பிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஆறு மிஸ் கேரளா மீன்களை வளர்க்க விரும்பும் அவர், அவற்றுக்குக் குறைந்தது 150 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று படித்திருக்கிறார். கடையில் இரண்டு தொட்டிகளையும் பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று 1.5 அடி நீளம், 1.5 அடி அகலம், 2.5 அடி உயரம் கொண்ட நெட்டைத் தொட்டி. மற்றொன்று 4 அடி நீளம், 1 அடி அகலம், 1.25 அடி உயரம் கொண்ட நீளத் தொட்டி. ஒரு கன அடி என்பது சுமார் 28.3 லிட்டர். அந்தக் கணக்கில் முதல் தொட்டி 159 லிட்டரும் இரண்டாவது 142 லிட்டரும் கொள்ளும். ஆகவே நெட்டைத் தொட்டிதானே சரி என்று கேட்கிறார்.

இல்லை. இந்த மீனுக்கு 142 லிட்டர் தொட்டிதான் பொருந்தும்.

லிட்டர் என்னும் அளவு தண்ணீரைப் பற்றிச் சொல்கிறதே தவிர, மீன் நடமாடும் இடத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மீனின் செவுள் வழியாக வெளியேறும் அம்மோனியாவும், மிஞ்சி அழுகும் தீனியும் எவ்வளவு தண்ணீரில் கலந்து நீர்த்துப்போகின்றன என்பதை அறிய லிட்டர் உதவும். தண்ணீர் அதிகமாக இருந்தால் நச்சு மெதுவாக ஏறும். பகலிலும் இரவிலும் வெப்பம் சட்டென்று மாறாது. இவை முக்கியமானவைதாம். ஆனால் மீன் எத்தனை அடி தூரம் நேராக நீந்தலாம், திரும்பும்போது மூக்கு கண்ணாடியில் இடிக்குமா, சண்டைக்கார மீனிடமிருந்து இன்னொன்று விலகிச் செல்ல இடம் உண்டா என்ற கேள்விகளுக்கு லிட்டரிடம் பதில் கிடையாது.

மிஸ் கேரளா மீன் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் வளபட்டணம், சாலியாறு போன்ற ஆறுகளின் ஓடும் நீரில் கூட்டமாக வாழும் இனம். வளர்ந்தபின் பொதுவாக 10 முதல் 12 செ.மீ. நீளம் இருக்கும். நாள் முழுவதும் கிடைமட்டமாக, அதுவும் வேகமாக நீந்துவதே அதன் இயல்பு. நெட்டைத் தொட்டியின் 45 செ.மீ. நீளத்தில், அது தன் உடல் நீளத்தைப்போல் நான்கு மடங்கு தூரம் போவதற்குள் கண்ணாடி வந்துவிடும். நான்கடித் தொட்டியில் 120 செ.மீ. ஓட்டம் கிடைக்கும். நெட்டைத் தொட்டியில் உயரமாக நிற்கும் தண்ணீரை இந்த மீன் பெரும்பாலும் பயன்படுத்தவே செய்யாது.

அடுத்தது காற்று. தண்ணீரில் ஆக்ஸிஜன் பெரும்பாலும் மேற்பரப்பின் வழியாகத்தான் கரைகிறது. நெட்டைத் தொட்டியின் மேற்பரப்பு 2.25 சதுர அடி. நீளத் தொட்டியினுடையது 4 சதுர அடி. தண்ணீர் குறைவாக உள்ள தொட்டியில்தான் காற்றுபடும் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். 25 டிகிரி செல்சியஸ் நன்னீரில் ஒரு லிட்டருக்கு சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்ஸிஜன் வரை கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது 7.5 அளவுக்கு இறங்கிவிடும். நம் ஊர் சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம் என்பதால், ஓடும் நீரில் பழகிய மீனுக்கு இந்த வேறுபாடு பெரிது. ஏர் பம்பு வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். அது உதவும், ஆனால் மின்சாரம் நின்ற இரவில் மேற்பரப்பு ஒன்றுதான் மிச்சம் இருக்கும்.

நீளத் தொட்டிக்கும் ஒரு குறை உண்டு, அதை மறைக்கக்கூடாது. தொட்டியின் மேலே 2 அங்குல இடைவெளி விட்டு, அடியில் 2 அங்குலம் கூழாங்கல் பரப்பினால், உயரம் குறைந்த தொட்டியில்தான் அதிகப் பங்கு தண்ணீர் குறையும். என் கணக்கில் நீளத் தொட்டியில் உண்மையாக நிற்பது 110 லிட்டர் சொச்சம். நெட்டைத் தொட்டியில் 140 லிட்டர் அளவு. இந்த 30 லிட்டர் குறையை நல்ல ஃபில்டராலும், வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுவதாலும் ஈடுசெய்துவிடலாம். தொட்டியின் நீளக் குறையை ஈடுசெய்ய எந்தக் கருவியும் இல்லை.

ஒரு அங்குல மீனுக்கு ஒரு கேலன் தண்ணீர் என்று சிலர் சொல்லும் கணக்கையும் இந்த நேயர் குறிப்பிட்டிருக்கிறார். ஒரு அமெரிக்க கேலன் சுமார் 3.8 லிட்டர். ஓர் அங்குல நியான் டெட்ரா மீன் பன்னிரண்டுக்கு 45 லிட்டர் என்றால் ஓரளவு ஒத்துக்கொள்ளலாம். அதே 45 லிட்டரில் 12 அங்குல ஆஸ்கர் மீன் ஒன்றை விடலாம் என்பதும் அதே கணக்குதான்! நீளம் பன்னிரண்டு மடங்கானால், உடல் வடிவம் ஒன்றாகவே இருப்பதாகக் கொண்டால், எடை 1728 மடங்காகும். கழிவும் எடையைப் பின்பற்றியே பெருகும். அப்படியே தண்ணீரைத் தாராளமாகக் கொடுத்தாலும், ஓர் அடி நீள மீன் ஓர் அடி அகலத் தொட்டியில் உடலை வளைக்காமல் திரும்ப முடியாது. ஆஸ்கருக்கு 4 அடி நீளமும் 1.5 அடி அகலமும் வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்வதன் காரணம் இந்தத் திரும்பும் இடம்தான்.

அப்படியானால் நெட்டைத் தொட்டி எதற்குமே ஆகாதா என்றால், அப்படியும் இல்லை. ஏஞ்சல் மீன் உடல் தட்டையாகவும் துடுப்புகள் மேலும் கீழும் நீண்டும் இருக்கும். துடுப்புகளோடு சேர்த்தால் நீளத்தைவிட உயரமே அதிகம். அதற்கு அந்த 2.5 அடித் தொட்டி நன்றாகவே பொருந்தும். ஒரு ஜோடியைத் தாராளமாக விடலாம். ஒன்றேகால் அடித் தொட்டியில் கல்லும் இடைவெளியும் போக மிஞ்சும் 11 அங்குலம் அதற்கு நெருக்கடியாகத்தான் இருக்கும். மாறாக, தரையிலேயே மேயும் கோரிடோரஸ் மீனுக்கு அடிப்பரப்புதான் கணக்கு. காற்றைச் சுவாசிக்க அடிக்கடி மேலே வரும் நீண்ட வால் ஃபைட்டர் மீனுக்கோ, உயரம் கூடக்கூடச் சிரமம்தான் கூடும்.

எனவே கடைக்குப் போகும்போது, மீன் இப்போது எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல், முழு வளர்ச்சியில் எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். ஓடி நீந்தும் இனத்துக்கு அந்த நீளத்தைப்போல் குறைந்தது எட்டு மடங்காவது தொட்டியின் நீளம் இருக்கட்டும் என்பது நான் வைத்திருக்கும் அளவு. அகலம் மீனின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்காவது வேண்டும். இவை பொருந்தியபின் லிட்டரைப் பாருங்கள். ஆறு மிஸ் கேரளாவுக்கு 4 அடித் தொட்டி இந்த இரண்டிலும் தேறிவிடுகிறது. கையில் பணம் இருந்தால் அகலத்தை 1.5 அடியாக்கி, 200 லிட்டருக்கு மேல் கொள்ளும்படி செய்து வாங்குங்கள்; உயரத்தைக் கூட்ட வேண்டியதில்லை, ஆழம் கூடினால் அழுத்தம் கூடி, கண்ணாடியின் தடிமனும் விலையும்தான் ஏறும். இயற்கையில் இந்த மீன் அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டிருப்பதால், பண்ணையில் பெருக்கப்பட்ட குஞ்சுகளா என்று விசாரித்து வாங்குங்கள். தொட்டிக்கு, மீன் நுழையும் அளவுக்கு இடைவெளியில்லாத மூடி ஒன்றும் செய்து போடுங்கள். மிரண்டால் துள்ளி வெளியே விழக்கூடிய மீன் இது.