பாய்லர் குழாயில் இறுகும் உப்பு: எப்படி உதிர்க்கிறார்கள்?

[திரையில்: உள்ளங்கை அளவு சாம்பல்நிறக் கட்டி]

இந்தக் கட்டியின் ஒரு பக்கத்தைப் பாருங்கள். குழாயின் வளைவு அப்படியே அச்சாகப் பதிந்திருக்கிறது. தட்டினால் கல் மாதிரி சத்தம். ஆனால் தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும். இது உப்பு. பெரும்பாலும் சோடியம் சல்பேட், கூடவே சோடியம் கார்பனேட்.

[திரையில்: ரெக்கவரி பாய்லரின் குறுக்குவெட்டுப் படம்]

காகிதக் கூழ் தயாரிக்கும் கிராஃப்ட் முறையில் மரச்சீவல்களை ரசாயனக் கரைசலில் வேகவைத்து, கூழைப் பிரித்தபின் மிஞ்சும் கறுப்புத் திரவம்தான் பிளாக் லிக்கர். அதைச் சுண்டவைத்து ரெக்கவரி பாய்லருக்குள் பீய்ச்சி எரிக்கிறார்கள். மர இழைகளைப் பிணைத்திருந்த லிக்னின் எரிந்து நீராவி கிடைக்கிறது. சோடியம் உப்புகள் உருகி, அடியில் ஸ்மெல்ட்டாக வழிகின்றன. எல்லாமே அடியில் போய்விட்டால் நமக்கு வேலையே இல்லை! கொஞ்சம் துளிகளாகப் புகையோடு மேலே பறக்கிறது. கொஞ்சம் ஆவியாகிப் போய், ஒரு மைக்ரானுக்கும் சிறிய தூசியாக உறைகிறது.

பறப்பதெல்லாம் குழாய்களில் ஒட்டுவதில்லை. துகளில் சுமார் 15 முதல் 70 சதவீதம் வரை உருகிய நிலையில் இருந்தால்தான் ஒட்டும். அதற்குக் கீழே என்றால் மோதித் தெறித்துவிடும், மேலே என்றால் வழிந்துவிடும். குளோரைடும் பொட்டாசியமும் கூடினால் குறைந்த வெப்பத்திலேயே பிசுபிசுப்பு வந்துவிடும். அடைப்பு அதிகமானால், படிவை ஊதித் தள்ளும் சூட் புளோயரைக் குறை சொல்வதற்கு முன் நான் இந்த இரண்டின் அளவைத்தான் கேட்பேன்.

[திரையில்: சுழன்றபடி உள்ளே நகரும் நீண்ட குழல்]

அன்றாடச் சுத்தம் சூட் புளோயரின் பொறுப்பு. குழல் சுழன்றுகொண்டே குழாய் வரிசைகளுக்கு இடையே நுழைகிறது. நுனியில் எதிரெதிராக இரண்டு நாசில்கள், அதனால் உதைப்பு ஒன்றை ஒன்று சமன்செய்துகொள்ளும். நீராவி ஒலியை மிஞ்சும் வேகத்தில் சீறி, படிவைப் பிளக்கிறது. இதற்குச் செலவாகும் நீராவி சும்மா இல்லை: பாய்லர் தயாரிப்பதில் 3 முதல் 12 சதவீதம்! அதற்காக ஊதுவதைத் தள்ளிப்போடவும் முடியாது. புதிதாகப் படிந்த மெல்லிய தூசி சூட்டில் இறுகிவிட்டால், அப்புறம் ஊதினாலும் அசையாது.

புகை செல்லும் பாதையில் அழுத்த வித்தியாசம் ஏறிக்கொண்டே போகிறதா? அடைப்பு முற்றுகிறது என்று அர்த்தம். அப்போது லிக்கரைக் குறைத்து பாய்லரைக் குளிரவிடுவார்கள். உலோகமும் உப்பும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் படிவு விரிசல்விடும். உடனே ஊதினால் கட்டிகட்டியாக விழும். விழும் கட்டி பெரிதாக இருந்தால் கீழே இருக்கும் குழாய்களையே நசுக்கிவிடலாம், அது வேறு கவலை.

[திரையில்: பாய்லரின் அடித்தளம், கறுத்து இறுகிய படுகை]

இதற்கும் மசியவில்லை என்றால் ஷட்டவுன் செய்து தண்ணீரில் கழுவ வேண்டும். உப்புதானே, கரைந்துவிடும். ஆனால் இந்தப் படுகையைப் பாருங்கள். மேலே இறுகிக் கிடந்தாலும் உள்ளே ஸ்மெல்ட் உருகியே இருக்கலாம். அதன்மேல் தண்ணீர் பட்டால், நொடியில் நீராவியாகி வெடிக்கும். அதனால் வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிள் கம்பியைப் படுகையில் பல இடங்களில் செருகிப் பார்க்கிறார்கள். ஓர் இடம் ஆறவில்லை என்றாலும் தண்ணீர் வால்வு மூடியே இருக்கும்.