கூரைக்கு ஒத்திகை பார்த்தவர்கள் எங்கே கோட்டை விட்டார்கள்? புராஜெக்ட் ரிஸ்க் பயிற்சி பற்றி

[திரையில்: விமான நிலைய பெல்ட் ஓரமாகக் குவிந்து கிடக்கும் பெட்டிகள்]

2008 மார்ச் 27. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் ஐந்தாம் டெர்மினலை மக்களுக்குத் திறந்துவிட்ட நாள். 430 கோடி பவுண்டு செலவில், சொன்ன தேதிக்கு, சொன்ன பணத்துக்குள் கட்டி முடித்த கட்டடம். இவ்வளவு பெரிய வேலையில் அது சாதாரண விஷயம் இல்லை, எல்லாரும் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். அன்று காலை டியூட்டிக்கு வந்த ஊழியர்களுக்குக் காரை எங்கே நிறுத்துவது என்றே தெரியவில்லை, ஊழியர்களுக்கான செக்யூரிட்டியில் நீளமான வரிசை, அதைத் தாண்டி உள்ளே போனவர்களுக்கு எந்தப் பாதை எங்கே போகிறது என்று பிடிபடவில்லை. பெட்டிகளை எடுக்க ஆள் வராததால் பெல்ட் நிரம்பி வழிந்தது.

மென்பொருளிலும் ஒரு கூத்து. சோதனை ஓட்டத்தின்போது மாதிரித் தகவல்கள் நிஜ சிஸ்டத்துக்குள் போய்விடக்கூடாது என்று ஒரு ஃபில்டர் போட்டு வைத்திருந்தார்கள், திறந்த பிறகும் அதை யாரும் எடுக்கவில்லை, நிஜத் தகவல்களும் அதில் மாட்டிக்கொண்டன. சில நாட்களுக்குள் 500-க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. சுமார் 42,000 பெட்டிகள் சொந்தக்காரர் ஒரு பக்கமும் தாங்கள் ஒரு பக்கமுமாக நின்றுவிட்டன.

[திரையில்: டெர்மினலின் வளைந்த கூரை, வெளியிலிருந்து]

இதே புராஜெக்டில்தான் இந்தக் கூரையும். இதை நேராக ஹீத்ரோவுக்குக் கொண்டுபோய்த் தூக்கவில்லை. யார்க்‌ஷயரில் ஓர் இடத்தில் கூரையின் ஒரு பகுதியை முன்கூட்டியே பொருத்திப் பார்த்தார்கள். அங்கே தெரிந்த சிக்கல்களைச் சரிசெய்துகொண்ட பிறகுதான் சைட்டில் வேலை. ஒப்பந்தத்திலும் வழக்கத்துக்கு மாறாக, ரிஸ்க்கை கான்ட்ராக்டர் தலையில் கட்டாமல் விமான நிலையத்தை நடத்திய நிறுவனமே ஏற்றுக்கொண்டது. ஆக, ரிஸ்க் தெரியாதவர்கள் என்று இவர்களைச் சொல்லவே முடியாது. அப்புறம் எப்படி?

அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில், புராஜெக்ட் ரிஸ்க் பயிற்சி என்று நம் ஊரில் வார இறுதி வகுப்பு, ஆன்லைன் கோர்ஸ் என்று விற்கிறார்களே, அதில் உண்மையில் என்ன கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று பார்ப்போம்.

ரிஸ்க் என்றால் கெட்டது என்று பாதிப் பேர் நினைக்கிறோம். ரிஸ்க் மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 31000 அதை, நம் குறிக்கோள் மீது நிச்சயமின்மை ஏற்படுத்தும் விளைவு என்கிறது. நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். ஏற்கெனவே நடந்துவிட்டது என்றால் அது ரிஸ்க் இல்லை, பிரச்சினை. அதற்கு வேறு பட்டியல். இதைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம், ஆனால் பல வகுப்புகளில் இதற்கே அரை நாள் போகிறது.

மெனக்கெட வேண்டிய இடம் வேறு: ஒரு ரிஸ்க்கை ஒழுங்காக ஒரு வாக்கியமாக எழுதுவது. சிரிக்காதீர்கள். உங்கள் ஆபீஸ் ரிஸ்க் ரிஜிஸ்டரை, அதாவது ரிஸ்க்குகளைக் குறித்து வைக்கும் பட்டியலை, திறந்து பாருங்கள். "மழை", "ஆள் பற்றாக்குறை", "வெண்டர் தாமதம்" என்று ஒற்றை ஒற்றைச் சொல்லாகக் கிடக்கும். அதை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது?

[திரையில்: "மழை" என்ற ஒரே சொல், மேலே சிவப்புக் கோடு]

சென்னையில் ஓர் அடுக்குமாடி வேலை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அக்டோபர் நடுவாக்கில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆகவே மழை என்பது இங்கே ரிஸ்க்கே இல்லை, அது காரணம். ரிஸ்க் என்னவென்றால், மழை தொடங்கும் நேரத்தில் பேஸ்மென்ட் குழி தோண்டியபடி திறந்து கிடந்தால், தண்ணீர் நின்று பக்கத்து மண் சரியலாம். அப்படி நடந்தால் விளைவு, காங்கிரீட் போடுவது மூன்று வாரம் தள்ளும், பம்ப் வாடகை ஏறும். காரணம், நடக்கக்கூடியது, விளைவு. இந்த மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டால் என்ன செய்யலாம் என்பது அதிலேயே தெரிந்துவிடும்: குழியை ஆகஸ்டிலேயே தோண்டி முடி, இல்லையென்றால் பொங்கல் வரை தொடாதே, இரண்டும் முடியாது என்றால் பக்கச்சுவருக்கு முட்டுக் கொடுக்கப் பணம் ஒதுக்கு. வெறும் "மழை" என்று எழுதியிருந்தால் பக்கத்துக் கட்டத்தில் "வானிலை அறிக்கையைக் கவனிக்கவும்" என்றுதான் எழுத முடியும்.

அந்த வாக்கியத்தோடு இன்னும் இரண்டு வேண்டும். ஒன்று, ஓர் ஆளின் பெயர். "டீம்" என்று போட்டால் யாருக்கும் இல்லை என்று அர்த்தம். இன்னொன்று, முன்னறிகுறி. செப்டம்பர் 10-க்குள் குழி பாதி ஆழம்கூடப் போகவில்லை என்றால் உடனே கூடிப் பேசுவோம் என்பது மாதிரி ஒரு கோடு. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் "வெண்டர் தாமதம்" என்ற வரி ஒரு வருடத்துக்கும் மேல் ரிஜிஸ்டரில் உட்கார்ந்திருந்தது. மாதாமாதம் அதன் நிறத்தை மட்டும் மாற்றுவோம், மஞ்சள், ஆரஞ்சு, மறுபடி மஞ்சள். சரக்கு வரவேண்டிய வாரத்தில் வரவில்லை. அதைக் கேட்க வேண்டியது யார் வேலை என்று அன்றைக்குத்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நிறத்தை மாற்றிக்கொண்டிருந்த ஆள் நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

[திரையில்: பச்சை, மஞ்சள், சிவப்புக் கட்டங்கள்]

அடுத்து அளப்பது. நடக்கும் வாய்ப்பு எவ்வளவு, நடந்தால் அடி எவ்வளவு, இரண்டையும் வைத்து இந்தக் கட்டத்தில் ஓர் இடம் பிடிப்பது. எதை முதலில் பேசலாம் என்று வரிசைப்படுத்த இது போதும், அதற்கு மேல் நம்பாதீர்கள். பணக்கணக்கு வேண்டுமென்றால் வாய்ப்பை நஷ்டத்தால் பெருக்குவார்கள். 30 சதவீத வாய்ப்பு, நடந்தால் 20 லட்சம் நஷ்டம், ஆக 6 லட்சம். இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். அந்த 6 லட்சம் என்ற தொகை நிஜத்தில் வரவே வராது, ஒன்று 20 லட்சம் போகும், இல்லையென்றால் ஒரு பைசாவும் போகாது. இந்த மாதிரி பல ரிஸ்க்குகளை ஒன்றாகக் கூட்டி ஒரு பொதுவான அவசர நிதி வைக்கும்போதுதான் அந்த எண்ணுக்கு உயிர் வரும், சீட்டுக் கட்டுவது மாதிரி, பத்துப் பேர் பணத்தில் ஒருவர் தேவை தீர்வது. ஒரே ஒரு பெரிய ரிஸ்க் இருக்கிற புராஜெக்டில் 6 லட்சத்தை எடுத்து வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினால், நடந்த அன்று 14 லட்சம் துண்டு விழும்.

கெட்ட ரிஸ்க்கை எதிர்கொள்ளும் வழிகள் பாடத்தில் ஐந்து: தவிர்ப்பது, அடுத்தவருக்கு மாற்றுவது, குறைப்பது, ஏற்றுக்கொள்வது, நம் கைக்கு மீறியதென்றால் மேலே கொண்டுபோவது. பெயர்களைக் கேட்டாலே புரிந்துவிடும். மாற்றுவதில் மட்டும் ஒரு எச்சரிக்கை. இன்ஷூரன்ஸ் எடுத்தால் பணம் திரும்ப வரும், போன மூன்று வாரம் வராது. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்ட வீட்டுக்காரருக்கு இன்ஷூரன்ஸ் காகிதத்தைக் காட்டிப் பாருங்கள்.

சான்றிதழ் பற்றிக் கேட்பீர்கள். புராஜெக்ட் மேலாண்மைக்கான அமெரிக்க அமைப்பான பிஎம்ஐ 2008 முதல் நடத்தும் பிஎம்ஐ-ஆர்எம்பி என்ற ரிஸ்க் சான்றிதழ் இந்தத் துறையில் பரவலாகத் தெரிந்தது. பட்டதாரி என்றால் கடந்த ஐந்து வருடங்களுக்குள் 24 மாத ரிஸ்க் வேலை அனுபவமும் 30 மணி நேரப் பயிற்சியும் வேண்டும், பட்டம் இல்லையென்றால் 36 மாதமும் 40 மணி நேரமும். தேர்வில் 115 கேள்விகள், இரண்டரை மணி நேரம். விதிகள் அவ்வப்போது மாறும், பணம் கட்டும் முன் அவர்கள் தளத்தில் இருக்கும் கையேட்டைப் படித்துவிடுங்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இதற்கு ஓட வேண்டாம் என்பது என் கருத்து, அந்த 24 மாதம் சும்மா வைத்த நிபந்தனை இல்லை. எந்த வகுப்பில் சேர்ந்தாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சார், எங்க புராஜெக்ட் ரிஜிஸ்டரைக் கொண்டு வந்தா அதை வெச்சுப் பயிற்சி கொடுப்பீங்களா?" பதில் மழுப்பலாக வந்தால், 300 ஸ்லைடும் ஒரு மாதிரித் தேர்வும்தான் கிடைக்கப்போகிறது.

[திரையில்: மேஜை மேல் மடித்த துண்டுச் சீட்டுகள்]

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது ப்ரீ-மார்ட்டம் என்ற பயிற்சி. கேரி க்ளைன் என்ற உளவியலாளர் 2007-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் இதை விளக்கி எழுதினார். புராஜெக்ட் தொடங்கும் முன் எல்லாரையும் உட்கார வைத்து, "ஒரு வருடம் கழிந்துவிட்டது, புராஜெக்ட் படுதோல்வி, ஏன் என்று எழுதுங்கள்" என்று சொல்ல வேண்டும். என்ன தப்பாகப் போகலாம் என்று கேட்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. நம் ஆபீஸ்களில் இன்னும் அதிகம். பூஜை போட்டுத் தொடங்கும் வேலையில் "இது தேறாது" என்று ஜூனியர் வாயைத் திறந்தால், "நல்ல காரியத்துல எதுக்குப்பா அபசகுனமா பேசுறே" என்று அடக்கிவிடுவோம். தோற்றுவிட்டது என்று மேனேஜரே முதலில் சொல்லிவிட்டால் அந்தப் பழி ஜூனியர் மேல் வராது. நான் இதில் ஒரு மாற்றம் செய்வேன்: பெயர் போடாத துண்டுச் சீட்டு, மேனேஜர் தன் சீட்டைக் கடைசியாகத்தான் படிக்க வேண்டும். எல்லா வீட்டிலும் ஓர் அப்பத்தா இருப்பார், கல்யாணப் பேச்சு எடுத்த உடனே பந்தியில் சாம்பார் பத்தாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார். அவரைத் திட்டாமல் பேச விடுவதுதான் இந்தப் பயிற்சி.

சரி, ஹீத்ரோவுக்கு வருவோம். கட்டடம் மொத்தத்தில் நேரத்துக்கு முடிந்தாலும் உள்வேலைகள் சில பின்தங்கின. திறப்புத் தேதியை நகர்த்தவில்லை. நடுவில் நசுங்கியது சோதனைக் காலம். ஊழியர்கள் அந்த இடத்தில் நடந்து, பழகி, தடுமாறி, திருந்த வேண்டிய நாட்கள். அந்த டெர்மினலைப் பயன்படுத்திய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமான நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த வில்லி வால்ஷ், சோதனையில் சமரசம் செய்துகொண்டதைப் பிறகு நாடாளுமன்றக் குழு முன் ஒப்புக்கொண்டார். உள்வேலை பின்தங்குவது ஒரு ரிஸ்க். திறப்புத் தேதியைக் காப்பாற்ற அதற்கு அவர்கள் கண்ட தீர்வே இன்னொரு ரிஸ்க்கைப் பெற்றெடுத்தது. பாடத்தில் இதற்கு இரண்டாம்நிலை ரிஸ்க் என்று பெயர், வகுப்பில் பத்து வினாடியில் தாண்டிப் போவார்கள். கூரைக்கு ஒத்திகை குறையவில்லை, கூரைக்குக் கீழே வேலை செய்யப்போகிறவர்களுக்குக் குறைந்தது.

[திரையில்: புதிய இரண்டாம் டெர்மினல், பெரும்பாலும் காலியான செக்-இன் கவுன்டர்கள்]

ஆறு வருடம் கழித்து, 2014 ஜூன் 4 அன்று, அதே ஹீத்ரோவில் புதிய இரண்டாம் டெர்மினல் திறந்தது. அன்றைக்கு அங்கே இயங்கியது ஒரே ஒரு நிறுவனம், யுனைடெட் ஏர்லைன்ஸ். மற்ற நிறுவனங்கள் அடுத்த சில மாதங்களில் ஒவ்வொன்றாகத்தான் உள்ளே வந்தன.