போன் ஆண்ட்ராய்டு 12-லயே நிக்குது, இனி நம்பலாமா? நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. ஒரு நேயர் எழுதியிருக்காங்க: "என் போன் ஆண்ட்ராய்டு 12-லயே நிக்குது. அப்டேட் தேடினா 'லேட்டஸ்ட் வெர்ஷன்ல இருக்கீங்க'ன்னு வருது. வெளியில 16 வந்தாச்சு. ஆண்ட்ராய்டு இலவசம்தானே, எனக்கு மட்டும் ஏன் வரமாட்டேங்குது? இந்தப் போனை இனிமே நம்பலாமா?"

முதல்ல அந்த வாசகத்தைச் சொல்லிடறேன். "லேட்டஸ்ட் வெர்ஷன்"னா, அந்த மாடலுக்குக் கம்பெனி கொடுத்த கடைசி அப்டேட் உங்ககிட்ட இருக்கு, அவ்வளவுதான். போன் பாதுகாப்பா இருக்குன்னு அது சொல்லல. இந்த ரெண்டையும் ஒண்ணா நினைச்சு நிறையப் பேர் நிம்மதியா இருந்துடறாங்க.

ஏன் வரலைங்கறதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும். 2003-ல ஆண்டி ரூபினும் இன்னும் மூணு பேரும் ஆண்ட்ராய்டு கம்பெனியை ஆரம்பிச்சப்ப அவங்க யோசிச்சது டிஜிட்டல் கேமராவுக்கு. அப்புறம்தான் போன் பக்கம் திரும்பினாங்க. 2005-ல கூகுள் வாங்குச்சு. 2007 நவம்பர்ல 34 நிறுவனங்கள் கூட்டணி சேர்ந்து, யார் வேணும்னாலும் இதை எடுத்துத் தனக்கு ஏத்த மாதிரி மாத்திக்கலாம்னு அறிவிச்சாங்க. 2008-ல முதல் போன் ஜி1 வந்தப்ப திரையில கீபோர்டு கூடக் கிடையாது, திரையைத் தள்ளினா அடியில பட்டன் கீபோர்டு இருக்கும். திரைக் கீபோர்டு 2009-ல ஆண்ட்ராய்டு 1.5-லதான் வந்துச்சு. அப்படி ஆரம்பிச்சது இவ்வளவு பரவினதுக்குக் காரணம் அந்த "எடுத்து மாத்திக்கோங்க"தான். உங்க அப்டேட் நின்னதுக்கும் வேர் அங்கதான் இருக்கு.

கூகுள் வெளியிடற மூலநிரல், அதாவது ஆண்ட்ராய்டை எழுதின கோடு, நேரா உங்க போனுக்கு வராது. குவால்காம், மீடியாடெக் மாதிரி சிப் செய்யறவங்க முதல்ல அதைத் தங்க சிப்புக்குப் பொருத்தணும். கிராபிக்ஸ், மோடம் (மொபைல் நெட்வொர்க்கோட பேசற பாகம்), வைஃபை எல்லாத்துக்கும் டிரைவர், அதாவது அந்தப் பாகத்தை இயக்கற நிரல், அவங்ககிட்டதான் இருக்கு. அப்புறம் போன் கம்பெனி தன்னோட கேமரா, தன்னோட தோற்றம் எல்லாம் சேர்த்துச் சோதிக்கணும். இந்தச் சங்கிலியில யாராவது ஒருத்தர் "இந்த மாடலுக்கு இனி வேலை பாக்கமாட்டோம்"னு நிறுத்தினா கதை முடிஞ்சது.

இதைச் சரிபண்ண கூகுள் மெனக்கெட்டது 2015-க்கு அப்புறம். அந்த வருஷம் ஸ்டேஜ்ஃபிரைட்னு ஒரு ஓட்டை, அதாவது திருடங்க உள்ள நுழைய வழிவிடற தப்பு, வெளிய வந்துச்சு. வீடியோவைப் படிக்கிற நிரல்ல தப்பு. பயனர் எதையும் தொடவே வேண்டாம், ஒரு எம்எம்எஸ் வந்து சேர்ந்தாலே போதும்ங்கற நிலைமை. அந்த ஆகஸ்ட்லேருந்து இப்படி ஓட்டைகளை அடைக்கிற பாதுகாப்புப் பேட்சை மாசாமாசம் வெளியிட ஆரம்பிச்சாங்க. 2017-ல ஆண்ட்ராய்டு 8-ல ட்ரெபிள்னு ஒரு மாற்றம்: சிப் சம்பந்தப்பட்ட நிரலைத் தனிப் பகுதியில வச்சு நடுவுல சுவர் எழுப்பிட்டாங்க. கூகுள் பக்கம் மாறினா சிப் பக்கத்தை முழுசா திருப்பி எழுத வேண்டியதில்ல. 2019-ல ஆண்ட்ராய்டு 10-ல மெயின்லைன். என் பார்வையில உங்களுக்கு அதிகம் உதவுறது இதுதான். சிஸ்டத்தோட சில பாகங்களைத் தனித்தனியாப் பிரிச்சு, போன் கம்பெனிக்குக் காத்திருக்காம கூகுளே அனுப்புது. முதல்ல பிரிச்சதுல வீடியோ, ஆடியோ படிக்கிற பாகமும் உண்டு, அதாவது ஸ்டேஜ்ஃபிரைட் பிரச்சினை வந்த அதே இடம்.

இப்ப உங்க போனை எடுங்க. செட்டிங்ஸ் போய் "போனைப் பற்றி", அதுக்குள்ள "ஆண்ட்ராய்டு வெர்ஷன்". சில போன்ல பாதுகாப்புப் பகுதிக்குள்ள இருக்கும். வெர்ஷன் எண்ணை விடுங்க, கீழ ரெண்டு தேதி இருக்கு பாருங்க. ஒண்ணு பாதுகாப்புப் பேட்ச் தேதி. அது 1-ஆம் தேதின்னு முடிஞ்சா ஆண்ட்ராய்டோட பொது ஓட்டைகள் மட்டும் அடைச்சிருக்கு. 5-ன்னு முடிஞ்சா கெர்னல் (சிஸ்டத்தோட அடிப்படை நிரல்), சிப் டிரைவர் ஓட்டைகளும் சேர்த்து அடைச்சிருக்கு. இன்னொண்ணு "கூகுள் ப்ளே சிஸ்டம் அப்டேட்". நான் சொன்ன மெயின்லைன் இதுதான். கம்பெனி கைவிட்ட பிறகும் இது தனியா வரலாம். அதைத் தொட்டு, இருந்தா இறக்கிட்டு, போனை ரீஸ்டார்ட் பண்ணணும். ரீஸ்டார்ட் பண்ணாம விட்டா இறங்கினது அப்படியே சும்மா கிடக்கும், தேதி மாறாது. மாசக்கணக்கா போனை அணைக்காதவங்களுக்கு நடக்கறது இதான். இந்த ப்ளே சிஸ்டம் தேதி ஓரிரு மாசம் பின்னாடி இருந்தாப் பதற வேண்டாம்.

ப்ளே ஸ்டோர்ல குரோமையும் "ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ"வையும் அப்டேட் பண்ணுங்க. மத்த ஆப்களுக்குள்ள திறக்கிற இணையப் பக்கம் பல வெப்வியூ வழியாத்தான் வருது. ஆண்ட்ராய்டு 5-லேருந்தே அது ப்ளே ஸ்டோர் மூலமா தனியா அப்டேட் ஆகுது.

இவ்வளவும் செஞ்சாலும் கெர்னல், கிராபிக்ஸ் டிரைவர், மோடம், புளூடூத் ஓட்டைகளை யாரும் அடைக்கப் போறதில்ல. அதனால பாதுகாப்புப் பேட்ச் தேதி ஒரு வருஷத்துக்கு மேல பழசுன்னா அந்தப் போன்ல வங்கி ஆப் வேண்டாம்னு உறுதியாச் சொல்வேன். பாட்டு, அலாரம், படிக்கறதுக்கு வச்சுக்கலாம். "தெரியாத ஆப்களை நிறுவுதல்"னு ஒரு அனுமதி இருக்கு, ப்ளே ஸ்டோருக்கு வெளியிலேருந்து வர்ற ஆப்பைப் போட விடறது. அதை எல்லா ஆப்லயும் மூடுங்க. ஆண்ட்ராய்டு 8-லேருந்து அது ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனி, ஒரு இடத்துல மூடினா மத்ததுல திறந்தே இருக்கும். குறிப்பா பிரவுசர், மெசேஜ் ஆப் ரெண்டையும் பாருங்க.

ஆண்ட்ராய்டு மூலநிரலை வச்சு ஆர்வலர்கள் செய்யற லினேஜ்ஓஎஸ் மாதிரி வேற சிஸ்டம் போடலாமான்னு அடுத்து கேட்பீங்க. போடலாம், ஆனா அதுக்கு பூட்லோடரை, அதாவது போன் ஆன் ஆகும்போது சிஸ்டத்தை ஏத்தற நிரலோட பூட்டை, திறக்கணும். திறந்த உடனே போன்ல இருக்கிறது மொத்தமும் அழிஞ்சிடும். சில வங்கி ஆப்கள் ஓட மறுக்கும். வேற மாடலோட கோப்பைப் போட்டா போன் எழுந்திருக்காமலே போகலாம். வெளியில புது வெர்ஷன் தெரிஞ்சாலும் மோடம் ஃபர்ம்வேர், அதாவது மோடத்துக்குள்ளயே ஓடற நிரல், சிப் கம்பெனி கடைசியா கொடுத்த பழசுதான்.

புதுப் போன் வாங்கறதா இருந்தா ஒரு கணக்கு போடுங்க. கூகுளோட பிக்சல் 8, சாம்சங்கோட கேலக்ஸி எஸ்24 வரிசைகளுக்கு 7 வருஷ அப்டேட்னு அறிவிச்சிருக்காங்க. எல்லா மாடலுக்கும் அப்படி இல்ல. அந்த வருஷங்களை மாடல் சந்தைக்கு வந்த நாள்லேருந்து எண்ணறாங்க, நீங்க வாங்கின நாள்லேருந்து இல்ல. 4 வருஷப் பாதுகாப்புப் பேட்ச் உள்ள ஒரு மாடலை, அது வந்து 2 வருஷம் கழிச்சுத் தள்ளுபடியில வாங்கினா உங்களுக்கு மிச்சம் 2 வருஷம்தான். புது வெர்ஷன் எத்தனை வருஷம் வரும், பாதுகாப்புப் பேட்ச் எத்தனை வருஷம் வரும்னு தனித்தனியாக் கேளுங்க. பல மாடல்ல ரெண்டும் ஒரே எண் இல்ல.