மழைக் கள்ளு

வணக்கம் நேயர்களே.

உவர்மலையிலிருந்து இங்கே வந்து சேர்வதற்குள் என் குடை இரண்டு தடவை மடங்கிவிட்டது. வாடைக்காற்று. டச்சுக்குடாவில் வள்ளங்களைக் கரைக்கு இழுத்து வைத்திருக்கிறார்கள். பயணம் ஒன்றைப் பற்றிப் பேச அழைத்த நிலையத்தார் வெயில் அடிக்கும் பயணத்தைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். எனக்கோ, மெல்பேர்ணில் மகள் வீட்டில் இருந்தபோது வந்த ஒரு மழைநாள்தான் நினைவில் நிற்கிறது.

யூலை மாதம், அங்கே குளிர்காலம். நகரத்துக்குக் கிழக்கே காரில் ஒரு மணி நேரம் போனால் யாரா பள்ளத்தாக்கு; வைன் செய்யும் தோட்டங்கள் நிறைந்த இடம். 1838இல் ரைரி சகோதரர்கள் அங்கே நட்ட கொடிகளோடுதான் விக்டோரியா மாநிலத்தின் வைன் கதை தொடங்குகிறது. "மழையில் போய் என்ன பார்ப்பது, மாமா?" என்று மருமகன் தயங்கினார். சாப்பாட்டு மேசைக்குக் கட்டிய பணம் திரும்பி வராது என்றாள் மகள். புறப்பட்டோம்.

பார்க்க ஒன்றும் இல்லைதான். யாழ்ப்பாணத்து முந்திரிகைப் பந்தலை, அதாவது திராட்சைப் பந்தலை, மனதில் வைத்துக்கொண்டு போன எனக்கு, கம்பியில் கட்டிய அந்தக் கறுத்த கட்டைகள் வரிசையாக விறகு நட்டது போலத் தெரிந்தன. ஓர் இலை இல்லை. கொடி உறங்குகிறது, இப்போது எவ்வளவு மழை பெய்தாலும் அதற்குக் கவலை இல்லை என்றார்கள். வரிசைக்குள் இறங்கவும் விடவில்லை. பிலொக்ஸெரா என்று ஒரு பூச்சி, கண்ணுக்குத் தெரிவதே அரிது. வேரைத் தின்று கொடியையே சாகடிக்கும். 2006இல் அந்தப் பள்ளத்தாக்கிலும் அது கண்டுபிடிக்கப்பட்டது. சப்பாத்தில் ஒட்டிய மண்ணோடு தோட்டம் விட்டுத் தோட்டம் போகுமாம். கோயில் வாசல் போல அங்கேயும் காலடிதான் கவனம்.

பீப்பாய் அறையில் பிரெஞ்சு ஓக் மரப் பீப்பாய்கள், ஒவ்வொன்றும் 225 லீற்றர் கொள்ளும். கறுத்தப் பழத்தைப் பிழிந்தாலும் சாறு வெளிறித்தான் வரும், சிவப்பு தோலிலிருந்து ஊறுவது என்பதை அங்கேதான் அறிந்தேன். பினோ நுவார் என்ற கறுத்தப் பழத்திலிருந்தே தோலை உடனே நீக்கி, நுரைக்கும் வெள்ளை வைனும் செய்கிறார்கள்.

பிறகு சுவைக்கும் மேசை. ஒரு மடக்கு ஊற்றுவார்கள். மணந்து, வாயில் உருட்டி, பக்கத்தில் வைத்திருக்கும் பாத்திரத்தில் துப்பிவிட வேண்டும். எங்கள் அப்பாச்சியிடம் வெற்றிலை துப்ப ஒரு வெண்கலப் படிக்கம் இருந்தது, அதே சாமான். ஆனால் நாலு பேர் முன்னால் துப்ப எனக்கு வெட்கமாக இருந்தது. முதல் மூன்றையும் விழுங்கிவிட்டேன். நான்காவது வரும்போது மகள் என் வைன் கிண்ணத்தை மெல்ல அப்பால் நகர்த்திவிட்டாள்.

ஊற்றித் தந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். பழம் விளைந்த ஆண்டுகளைச் சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னாள். 2011 பொல்லாத ஆண்டு. அறுவடை வரைக்கும் ஓயாத மழை. பழம் வெடித்துப் பூஞ்சணம் பிடித்தது. அந்த ஆண்டு தங்கள் உயர்ந்த போத்தலை வெளியிடாமலே விட்டவர்களும் உண்டு என்றாள். எல்லோரும் தலையாட்டிக் கேட்டார்கள். நானும் தலையாட்டினேன், ஆனால் எனக்குள் வேறொரு குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு வருகிறேன்.

சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து தட்டு, மூன்று மணி நேரம். வெளியே மழை கண்ணாடியில் வழிந்தது. உள்ளங்கையைவிடச் சிறிய ட்ரவுட் மீன்துண்டைக் கொண்டுவந்து வைத்து, அது எங்கே பிடித்தது என்று பரிமாறுபவர் விளக்கினார். திருமலைக்காரனுக்கு இது புதிதா? சந்தையில் கொட்டியாரக்குடா மீனா, வெளிக்கடல் மீனா என்று கேட்காமல் நாம் வாங்குவதில்லையே. உறைப்புத்தான் இல்லை. ஆட்டிறைச்சி மட்டும் வெண்ணெய் போலக் கரைந்தது, அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகும். கடைசி இனிப்பு என்னவென்று இன்று நினைவில்லை. மூதூர் எருமைத் தயிரில் பாணி விட்டுத் தந்திருந்தால் மறந்திருக்க மாட்டேன்.

அந்தக் குரலுக்கு வருகிறேன். சிறுவயதில் எங்கள் வீட்டுக்குக் கள்ளுச் சீவும் ஒருவர் வருவார். அம்மாவுக்கு அப்பமா புளிக்கவைக்க ஒரு பேணி கள்ளு வேண்டும். மாவைப் பொங்கவைப்பது கள்ளில் இருக்கும் மதுவம், அதாவது ஈஸ்ட். திராட்சைச் சாற்றை வைன் ஆக்குவதும் மதுவந்தான். அவர் நாக்கில் ஒரு சொட்டு விட்டு, எந்த மரத்துக் கள்ளு என்று சொல்வார். ஆண்பனையா பெண்பனையா, முட்டியில் சுண்ணாம்பு பூசியது கூடிவிட்டதா என்பதெல்லாம் சொல்வார். கள்ளுத் தவறணையில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. அவர் அப்பாவைவிட மூத்தவர். ஆனாலும் அப்பா அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். அவர் அப்பாவை "ஐயா" என்பார். படலைக்கு உள்ளே அவர் வந்ததை நான் கண்டதில்லை. அவர் சொன்னவற்றை யாரும் தலையாட்டிக் கேட்டதையும் கண்டதில்லை. மெல்பேர்ணில் பணம் கட்டிக் கேட்டது அதைத்தான்.

மாரியில் பனை இல்லை, தென்னங்கள்ளுத்தான். மரம் வழுக்கும், பாளையில் வடிவதோடு மழைத்தண்ணீரும் முட்டியில் இறங்கும். அப்படி ஒரு நாள், இன்றுபோல வாடை அடித்த நாள், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வெறும் பேணியோடு படலையில் வந்து நின்றார். அம்மா காசோடு போனார்.

"இன்றைக்கு வேண்டாம், அம்மா. மழைக் கள்ளு. மா பொங்காது."

காசை வாங்கவில்லை. அந்த மழையில் அவ்வளவு தூரம் நடந்து வந்தது அதைச் சொல்லத்தான். அன்றிரவு எங்கள் வீட்டில் பிட்டு.