சந்தேகங்களுக்கு விளக்கம்: பழைய காரில் சத்தம், தானாக ஏறும் ரேஸ்

வணக்கம். வந்திருந்த கேள்விகளில் ஒன்று மனதை விட்டுப் போகவே இல்லை, அதையே இன்று எடுத்துக்கொள்கிறேன். முதலில் படித்துவிடுகிறேன். "சார், என்னுடையது பதினெட்டு வருடப் பழைய பெட்ரோல் கார். மேனுவல் கியர். கொஞ்ச நாளாக இன்ஜின் சத்தம் ரொம்ப அதிகம். சிக்னலில் நிற்கும்போதே தானாக ரேஸாகிறது. மெக்கானிக் பார்த்துவிட்டு இன்ஜினை இறக்க வேண்டும் என்கிறார். இறக்கத்தான் வேண்டுமா?"

இந்தக் கேள்வியில் எனக்குப் பிடித்தது, நிற்கும்போதே ரேஸாகிறது என்று சொன்னாரே, அந்த ஒரு விவரம். பெரும்பாலானவர்கள் "சத்தம் வருகிறது, என்ன பிரச்சினை?" என்று மட்டும் கேட்பார்கள். எப்போது வருகிறது என்று சொல்ல மாட்டார்கள். தொடர்ந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும், நான் எந்தப் பழுதைப் பற்றிப் பேசினாலும் 'எப்போது' என்றுதான் முதலில் கேட்பேன். 'எங்கே' என்பது அப்புறம்தான்.

சரி, இவர் சொல்வது இரண்டு புகார்: சத்தம், ரேஸ். என் கணிப்பு, இது ஒரே புகாராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நான்கு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, ஒரு சுற்று சுற்றினால் இரண்டு முறை எரிப்பு நடக்கும். 800 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 800 சுற்றில், 1,600 முறை. அதுவே 1,800 ஆர்பிஎம்மில் 3,600 முறை, நொடிக்கு 60. வால்வுகளின் தட்டல், பெல்ட், சைலன்சர் எல்லாம் அதே கணக்கில் வேகம் கூடும். எந்தக் குறையும் இல்லாத இன்ஜினைக்கூட நின்ற இடத்தில் 1,800-ல் ஓட விட்டுப் பாருங்கள், பானெட்டைத் திறந்து பக்கத்தில் நின்றால் பயமாகத்தான் இருக்கும். ரேஸைக் குறைக்காமல் சத்தத்தை வைத்து இன்ஜினுக்குத் தீர்ப்பு சொல்லக் கூடாது. முதலில் ஐட்லிங்கை, அதாவது மிதியைத் தொடாமல் இன்ஜின் ஓடும் வேகத்தை, சரி செய்யுங்கள், அப்புறம் காது கொடுங்கள்.

எவ்வளவு இருந்தால் சரி? இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, பெரும்பாலான பெட்ரோல் கார்களில் 700-லிருந்து 900 வரை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் 1,200, 1,500 வரை ஏறி, சில நிமிடங்களில் மெல்ல இறங்கும். இது பழுதல்ல. ஏசி போட்டால் கொஞ்சம் கூடும், அதுவும் பழுதல்ல. சூடு ஏறிய பிறகும் இறங்கவில்லை என்றால்தான் கேள்வி.

இப்போது காரணத்துக்கு வருகிறேன், இங்கேதான் நிதானமாகப் பேச வேண்டும். பெட்ரோல் இன்ஜினில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது நாம் நேரடியாகக் கூட்டுவது காற்றை. காற்று வழியில் கதவு மாதிரி இருக்கும் த்ராட்டில் தகடு திறக்கிறது, காற்று உள்ளே போகிறது, அதற்கேற்ற பெட்ரோல் பின்னாலேயே வருகிறது. அப்படியானால், கால் மிதியில் இல்லாதபோதும் இன்ஜின் ரேஸானால் காற்று எங்கிருந்தோ உள்ளே போகிறது என்று அர்த்தம். அந்த வழியைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

த்ராட்டில் தகடு முழுதாக மூடாமல் இருக்கலாம். கேபிள் இறுகியிருக்கும், அல்லது தகட்டின் ஓரத்தில் கரி படிந்து ஒட்டும், அல்லது காலடி மேட் நகர்ந்து மிதியை அழுத்திக்கொண்டிருக்கும். மேட்டை எடுத்து வெளியே போட்டுவிட்டுப் பாருங்கள், பைசா செலவில்லாத சோதனை. கார்புரேட்டர் கார் என்றால் சோக், அதாவது குளிரில் ஸ்டார்ட் செய்ய உதவும் அமைப்பு, சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது, இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று காரே தப்பாக நினைப்பது. வெப்பத்தைச் சொல்லும் சென்சார் கெட்டால் சூடான இன்ஜினுக்கும் கம்ப்யூட்டர் காலை நேரத்து ரேஸையே கொடுக்கும். பல பழைய கார்களில் ஐட்லிங் காற்றுக்கான வால்வுக்குள் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்) ஓடி அதைச் சூடாக்கும், சூட்டில் வால்வு மூடும். கூலண்ட் குறைந்தால் சுடுநீர் அங்கே போய்ச் சேராது, வால்வு திறந்தே இருக்கும். அப்போது ரேஸ் ஒரே இடத்தில் நிற்காமல் ஊஞ்சல் மாதிரி ஏறி இறங்கும். ஏறினதும் கம்ப்யூட்டர் பெட்ரோலை வெட்டும், இறங்கினதும் திரும்பக் கொடுக்கும், மறுபடி ஏறும். ஆர்பிஎம் மீட்டர் முள் 1,000-க்கும் 2,000-க்கும் நடுவில் அலைந்தால் முதலில் கூலண்டைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. ஆறின பிறகுதான்.

மூன்றாவது, ஓட்டை. பழைய காரில் என் சந்தேகம் முதலில் போவது இதன் மேல்தான். ஐட்லிங்கில் த்ராட்டிலுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் பலமான உறிஞ்சும் விசை இருக்கிறது. அங்கிருந்து பிரேக் பூஸ்டருக்கு ஒரு ஹோஸ் போகும், ஆயில் ஆவியை இழுக்க ஒரு ஹோஸ், இன்னும் பென்சில் பருமனில் சின்னச் சின்ன ஹோஸ்கள். எல்லாம் ரப்பர். வருடக்கணக்கில் சூட்டில் வெந்து இறுகி, வளைகிற இடத்தில் வெடிக்கும்.

ஒரு காரில் பார்த்ததைச் சொல்கிறேன். இதேபோல இன்ஜின் போய்விட்டது என்று சொல்லப்பட்ட கார். நின்ற இடத்தில் 1,700-ல் ஓடிக்கொண்டிருந்தது. பானெட்டைத் திறந்ததும் சத்தத்துக்கு அடியில் 'ஸ்ஸ்ஸ்' என்று மெல்லிய உறிஞ்சல் கேட்டது. ஒரு முழ நீள ரப்பர் குழாயை ஒரு காதில் வைத்து, மறுமுனையை, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிபோல்டின் ஓரமாக நகர்த்திக்கொண்டே போனோம். பின்பக்கம், கண்ணுக்கே தெரியாத இடத்தில், ஆயில் ஆவி ஹோஸின் வளைவுக்கு அடியில் வந்ததும் சத்தம் காதைக் கிழித்தது. நகம் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. விரலை வைத்து அடைத்ததும் விரல் உள்ளே இழுபட்டது, அதே நொடியில் இன்ஜின் தணிந்தது. சீட்டில் இருந்தவர் முள் 800-க்கு வந்துவிட்டது என்று கத்தினார். விரலை எடுத்தால் மறுபடி ஏறியது. விரல் நீளத்துக்கு ஒரு புது ஹோஸ் போட்டதோடு அந்த இன்ஜின் சத்தமும் போய்விட்டது.

எல்லாக் காரிலும் ஓட்டை இப்படி ரேஸாக வெளிப்படாது. சில கார்களில் உள்ளே வரும் காற்றை வாசலிலேயே அளக்கும் சென்சார் இருக்கும். அதைத் தாண்டி நுழைந்த காற்று கணக்கில் வராது, பெட்ரோல் போதாமல் இன்ஜின் உதறும். சில கார்களில் மேனிபோல்டின் அழுத்தத்தை அளந்து காற்றைக் கணிப்பார்கள். அங்கே திருட்டுத்தனமாக வந்த காற்றும் கணக்கில் சேர்ந்து, அதற்கும் பெட்ரோல் கிடைத்துவிடும், ரேஸ் ஏறும். ஓட்டை ஒன்றுதான், காட்டும் முகம் வேறு.

வீட்டில் சோதிக்க, சந்தேகப்படும் ஹோஸை ஒவ்வொன்றாக இடுக்கியால் மெல்ல அழுத்திப் பாருங்கள். வெந்துபோன ரப்பர், முரட்டுத்தனமாக அழுத்தினால் அதுவே உடையும். எதை அழுத்தும்போது ரேஸ் இறங்குகிறதோ அந்த வழியாகத்தான் காற்று போகிறது. இன்டேக் மேனிபோல்டு இன்ஜினோடு சேரும் கேஸ்கெட் ஓரத்துக்குத் தண்ணீர் ஸ்ப்ரே போதும், அடிக்கும்போது ரேஸ் மாறினால் ஓட்டை அங்கே. கார்புரேட்டர் கிளீனரை அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு, சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது தீப்பிடிக்கும், வேண்டாம். தொங்குகிற துணி, தாவணி, செயின், தளர்ந்த முடி எதுவும் ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் பக்கத்தில் போகக் கூடாது.

ரேஸ் இறங்கிவிட்டது, சத்தம் மட்டும் மிச்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திரும்பவும் அதே கேள்வி: எப்போது? ஸ்டார்ட் செய்த முதல் ஓரிரு நொடி மட்டும் 'கரகர' என்றால் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்கு ஆயில் அழுத்தம் தாமதமாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். குளிரில் 'டிக் டிக்' என்று அடித்து, சூடானதும் மறைந்தால் எரிந்த புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டில் கசிவு இருக்கலாம், உலோகம் விரிந்ததும் அடைந்துவிடும். சூட்டிலும் விடாமல் மேல்பக்கத்தில் 'டிக் டிக்' என்றால் டாப்பெட், அதாவது வால்வுகளைத் தள்ளும் பாகம். வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் அந்தத் தட்டல் இன்ஜின் வேகத்தைவிட நிதானமாகக் கேட்கும். டாப்பெட் இடைவெளியைச் சரி செய்ய இன்ஜினை இறக்க வேண்டியதில்லை.

கீச்சென்று கத்தினாலோ 'ஙொய்ங்' என்று சுழன்றாலோ பெரும்பாலும் பெல்ட் அல்லது அது சுற்றும் ஆல்டர்நேட்டர், வாட்டர் பம்ப் பேரிங். இன்ஜினை நிறுத்தி வெளி பெல்ட்டைக் கழற்றிவிட்டு, அரை நிமிடம் மட்டும் ஓட்டிக் கேட்டால் தெரிந்துவிடும். அதற்கு மேல் ஓட்டாதீர்கள், வாட்டர் பம்ப் அந்த பெல்ட்டில் இருந்தால் குளிர்ச்சி கிடைக்காது. கிராங்கையும் கேம் ஷாஃப்ட்டையும் இணைக்கும் டைமிங் பெல்ட்டைத் தொடவே கூடாது.

பயப்பட வேண்டியது, அடியிலிருந்து வரும் கனத்த 'டொக் டொக்'. லோடு ஏற்றினால், மேட்டில் ஏறினால் அது பலமாகும், ஆயில் விளக்கும் மினுக்கலாம். அது பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்காக இருக்கலாம். அந்த இடத்திலேயே நிறுத்தி, வண்டியை இழுத்துக்கொண்டு போங்கள். அப்படி ஒரு சத்தம் இருந்தால் உங்கள் மெக்கானிக் சொல்வது சரி. ஆனால் அதற்கு முன் ஆயில் குச்சியை எடுத்து அளவைப் பார்த்தாரா, ஆயில் அழுத்தத்தை கேஜ் வைத்து அளந்தாரா, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) எடுத்து நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்று பார்த்தாரா, இதை மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் இதைக் கேட்டால் கோபப்பட மாட்டார், எண்களைக் காட்டுவார்.

ஓடும்போது ரேஸ் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் அது வேறு கதை, கிளட்ச் ஸ்லிப். நான்காவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். முள் துள்ளி, வண்டி வேகம் எடுக்காமல் இருந்தால் கிளட்ச் தட்டு தேய்ந்திருக்கலாம். இவர் நிற்கும்போதே என்று சொல்லிவிட்டதால் கிளட்ச் மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

உண்மையில் நான் எதிர்பார்க்கும் கேள்வி வேறு, யாரும் கேட்பதில்லை. "சார், என் கார் நன்றாக ஓடுகிறது, இப்போது நான் என்ன செய்து வைக்க வேண்டும்?" இதுதான். என் பதில்: அதன் சத்தத்தைப் பதிவு செய்து வையுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட், சூடான பிறகு பானெட் திறந்து ஐட்லிங், அப்புறம் 2,500-ல் சில நொடிகள். போனை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் பிடியுங்கள். முள் எங்கே நிற்கிறது, ஏசி போட்டால் எங்கே போகிறது, இதையும் எழுதி வையுங்கள். ஆயில் மாற்றும்போதெல்லாம் ஒரு பதிவு போதும். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடினால் தினமும் ஓட்டுகிறவரின் காது அதற்குப் பழகிவிடும், போன வருடத்துப் பதிவைப் போட்டுக் கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். மெக்கானிக்குக்கும் அதையே காட்டலாம், கார் அவரிடம் போனதும் சத்தம் மறைந்துபோகும் தொல்லையும் இல்லை.

கேள்வி கேட்டவருக்கு: இன்ஜினை இறக்க இப்போது சம்மதிக்காதீர்கள். அடியிலிருந்து 'டொக் டொக்' இல்லை என்றால், ஆறின இன்ஜினில் கூலண்ட் அளவு, ஆயில் அளவு, சூடான பிறகு முள் நிற்கிற இடம், அது நிலையாக நிற்கிறதா அலைகிறதா, இந்த நான்கையும் பார்த்து எழுதுங்கள். அடுத்த வீடியோவை உங்கள் காரிலிருந்தே தொடங்குகிறேன்.